தண்ணி மாமியும் முள்ளம்பன்றியும்

பிரியமுள்ள தண்ணி மாமி,

உங்கள் மகளின் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கரமனைக்கு வந்தது. தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்களாம். படித்து அழுதேன். மடியில் யாரோ எழுதிய கதைப் புத்தகம் இருந்ததாம், அதைப் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சிலால் திருத்தி வைத்திருந்தீர்களாம். அந்த வரியில் சிரித்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காத கதையை நீங்கள் எப்போது சும்மா விட்டீர்கள்?

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஹெட்டி. தென்னாப்பிரிக்காவில் ஆட்டுப்பண்ணைக்காரர் மகள், சின்ன ஊர்ப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் வாசிக்கப் புத்தகம் போதாமல் நீங்களே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கதை எழுத ஆரம்பித்தீர்கள். உங்கள் கணவர் படம் வரைந்தார். பதினொரு புத்தகங்கள். அவர் இறந்த பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், முறிந்து கோணலாகக் கூடிய வலது மணிக்கட்டுக்கு எண்ணெய் வைத்தியம் செய்துகொள்ளத் திருவனந்தபுரம் வந்தீர்கள். எங்கள் எதிர்வீட்டு மாடியில் நான்கு மாதம் தங்கினீர்கள். உங்கள் ஊரில் மூத்த பெண்களைக் குழந்தைகள் 'தன்னி' என்று கூப்பிடும் என்றீர்கள். எங்கள் தெருக் குழந்தைகளுக்கு அது தண்ணி ஆயிற்று. மரியாதைக்கு ஒரு மாமியும் சேர்ந்தது.

நான் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட். மகளுக்குக் கடிதம் தட்டத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். ஒரு சாயங்காலம் கடிதம் முடிந்தும் நீங்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள். ஆங்கில எழுத்துதான், ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"இது என்ன கடிதம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கடிதம் இல்லை, விசாலம். கதை," என்றீர்கள். உங்களுக்கே ஆச்சரியம் போல இருந்தது முகம்.

கடலைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு குட்டி முள்ளம்பன்றியின் கதை. உங்கள் பாஷையில் அதற்கு 'இரும்புப் பன்றி' என்று பேராமே! எங்களுக்கு முள், உங்களுக்கு இரும்பு, ஆனால் இரண்டு ஊரிலும் அதைப் பன்றியாக்கிவிட்டோம் என்று எவ்வளவு நேரம் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

தினமும் நான் தட்டினதை நீங்கள் ஆங்கிலத்தில் சொல்வீர்கள், நான் மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தைகளுக்குத் தமிழில் சொல்வேன். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் குட்டி ஒரு பண்ணையில் கிழங்கு தோண்டுகிறது. பண்ணைக்காரன் வைத்த பொறியில் சிக்கிச் சாகிறது. அதுதான் நீங்கள் சொன்ன முடிவு.

பக்கத்து வீட்டு மீனுவுக்கு அப்போது எட்டு வயது. எழுந்து நின்றாள். "அது சாகப்படாது. செத்துதுன்னா நான் நாளைக்கு வரவே மாட்டேன், கேட்டேளா மாமி?"

நான் மொழிபெயர்த்ததும் உங்கள் முகம் சிவந்தது. "ஓட்டுப் போட்டு நான் கதை எழுதுவதில்லை என்று சொல்," என்றீர்கள். அதை நான் சொல்லவில்லை. மூன்று நாள் டைப்பும் இல்லை, கதையும் இல்லை. நாலாம் நாள் நானே மாடி ஏறி வந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "வீடு திரும்புகிறவரைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. என் கணவர் திரும்பி வரவில்லையே." ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்து வித்துரா கிராமத்துக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டேன்.

என் சிநேகிதி வீடு அங்கே. அவள் அப்பா கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்து மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, போட்டிருந்தார். வேலியோரம் ஒரு வரிசை முழுக்கத் தோண்டிக் கிடந்தது. யார் வேலை என்று அவரைக் கேட்டேன்.

"முள்ளம்பன்னி. எல்லா வருசமும் வரும், பாத்துக்கிடுங்க."

பொறி வைப்பதில்லையா என்று நீங்கள் கேட்கச் சொன்னீர்கள்.

"என்னத்துக்கு? அதுக்கும் வயிறு உண்டும்லா. அந்தக் கடைசி வரிசை அதுக்குள்ளதுன்னு விட்டாச்சு. அதத் தாண்டி வராது."

நான் மொழிபெயர்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னீர்கள். பிறகு அந்த வரிசையோரம் தனியாக நடந்து போய், நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தீர்கள். நாங்கள் பார்த்தோம், மாமி. திரும்பும் பஸ்ஸிலேயே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, கடைசி அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தீர்கள். எழுதக் காகிதம் இல்லாமல் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கிறுக்கினேன். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

பண்ணைக்காரன் ஒரு வரிசை விட்டான். குட்டி வீடு போய்ச் சேர்ந்தது. மீனு கைதட்டிய சத்தம் கரமனை ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

அந்தப் பன்னிரண்டாவது புத்தகம் இரண்டு வருஷம் கழித்துத் தபாலில் வந்தது. அதற்குப் பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை, மூன்று எழுதினீர்கள் என்று உங்கள் மகள் சொல்லித்தான் தெரியும். எனக்கு எழுதிய கடிதங்களில் உங்கள் தக்காளிச் செடியைப் பற்றித்தானே அளந்தீர்கள்? இதை ஏன் மறைத்தீர்கள்?

இங்கே எல்லாரும் சௌக்கியம். ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மீனு பத்தாம் வகுப்பு. உங்கள் செய்தியைச் சொன்னதும் என் அலமாரியிலிருந்து அந்த முள்ளம்பன்றிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பிறகு, "இதை நீங்க தமிழ்ல எழுதுங்கோ அக்கா. எனக்கு மலையாளம்தான் எளுப்பம், நான் அதுல எழுதறேன். தெருவுல இப்போ பாதிப் பேர் தமிழ் வாசிக்கறதே இல்லையே," என்றாள். உங்கள் மகள் சம்மதம் தந்துவிட்டாள்.

அதனால் எங்களை நம்பி இருங்கள், மாமி. கோடை விடுமுறைக்குள் இரண்டு பாஷையிலும் முடித்து, அதே மாடிப்படியில் குழந்தைகளை உட்கார வைத்து வாசிப்போம். பிடிக்காத இடத்தில் யார் எழுந்து நின்றாலும் உட்காரச் சொல்ல மாட்டோம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
விசாலம்
கரமனை