நான் ஒப்பிட்டுப் பார்த்த பேனர்

நேற்றைய மழைக்கு விறகின் மேல் போர்த்த எதையாவது தேடியபோது, பரணில் சுருட்டிக் கிடந்த ஃபிளக்ஸ் பேனர் கையில் பட்டது. பிரித்ததும் அந்த மை வாடை குப்பென்று வந்தது. திரும்பச் சுருட்டி வைத்துவிட்டேன், விறகு நனைந்தது. உனக்கு எழுத வேண்டியதை இன்றாவது எழுதிவிடுகிறேன். வழக்கம்போல் முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பயந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

1. உன் படத்திறப்பு பேனரில் இன்னொருவர் முகம் வந்தது.
2. அச்சுக்கு முன் சரிபார்த்தவன் நான். எழுத்தை மட்டும் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் தவறினேன்.
3. அந்த இன்னொருவரே ஊருக்கு வந்துவிட்டார்.
4. உன் மனைவி என்னிடம் சொன்னது.

சனிக்கிழமைதோறும் டிவியில் வரும் அந்த விண்கலத் தொடர் முடிவதாகவே இல்லை. கதை ஒன்று, கலம் ஒன்று, தலைவர் ஒருவர். தலைவராக நடித்தவர்கள் மட்டும் நான்கு பேர். மூன்றாவது ஆள் நீ. விடியற்காலையில் உத்திரமேரூரில் பஸ் ஏறிப் போய், வெள்ளி நிற உடுப்பில் அண்டவெளியைச் சுற்றிவிட்டு, கழுத்தெல்லாம் அரிப்போடு திரும்புவாய். நாங்கள் வாய்பிளந்து பார்த்த வேற்றுக் கிரகம் ஒரு கல்குவாரி என்று நீதான் சொன்னாய். "ஜல்லி லாரி வந்தா கிரகத்தைக் காலி பண்ணிடணும்டா."

டீக்கடையில் உன்னைச் சும்மா விடமாட்டார்கள்.

"இன்னா தலைவரே, ராக்கெட்ட வுட்டுட்டு பஸ்ல வந்துக்கினு கீற?"

"டீசல் இல்ல நைனா. நீ ஊத்திவுடு, உன்னையும் ஏத்திக்கினு போறேன்."

கடையே சிரிக்கும். சிரிக்காதவன் நான் ஒருவன்தான். உன்னைக் கேலி செய்தால் உனக்காகவும் சேர்த்து நான் கூசிக்கொண்டு நிற்பேன்.

முழங்கால் மடங்காமல் போனதும் உன்னை மாற்றினார்கள். நம் தொடர்களில் அதற்கெல்லாம் காரணம் சொல்வதில்லை. கலத்தின் கதவைத் திறந்து நீ உள்ளே போனாய். அடுத்த வாரம் அதே உடுப்பில் வேறொருவர் வெளியே வந்தார். கீழே 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து போட்டார்கள். என் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். நீ முழங்காலைத் தடவிக்கொண்டே, "பையன் நல்லா நடக்கிறான்டா" என்றாய். சற்றுப் பொறுத்து, என் பக்கம் திரும்பாமல், "நாலு பேர்ல யாருடா தலைவர் மாதிரி கீறோம்?" என்று கேட்டாய்.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதம்" என்றேன்.

நீ தலையாட்டினாய். ஒரே ஒரு ஆள் 'நீதான்' என்று சொன்னால் உனக்குப் போதுமாக இருந்திருக்கும். மறுபடி நீ கேட்கவில்லை. உடுப்பில் எடுத்த படம் ஒன்றையும் அதன் பிறகு வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் வினை வந்தது. நீ போன பதினாறாம் நாள் படத்திறப்புக்கு நம் தெருப் பிள்ளைகள் பேனர் வைக்க நினைத்தார்கள். வெள்ளி உடுப்பில்தான் நீ இருக்க வேண்டும் என்றார்கள். ஃபிளக்ஸ் கடைக்காரர் தொடரின் பெயரைப் போட்டு நெட்டில் தேடி ஒரு படத்தை எடுத்தார். "தப்பு இல்லாம பாத்துக் குடுங்க சார்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகலை மூலத்தோடு ஒப்பிட்டே தலை நரைத்தவன் அல்லவா? திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் போனேன். உன் தலைப்பெழுத்து, பிறந்த தேதி, மறைந்த தேதி. ஓர் இடத்தில் ஒற்று விட்டிருந்தது, சேர்க்கச் சொன்னேன். அச்சுக்குப் போயிற்று.

காலையில் பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டினார்கள். சிறிது நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. மாலையோடு இறங்கியவரைப் பார்த்து டீக்கடைக்காரர் டம்ளரைத் தவறவிட்டார்.

"யோவ், செத்தவரு அவருக்கே மாலை எடுத்துக்கினு வந்துகீறாருய்யா!"

உன் இடத்துக்கு வந்த நான்காம் தலைவர். உன் சாவுச் செய்தி கேட்டு வந்திருந்தார். பேனரை அண்ணாந்து பார்த்தார். உன் பெயர், உன் தேதிகள், அவர் முகம். சத்தம் போடுவார் என்று நான் கடைக்குள் ஒதுங்கினேன். அவர் சத்தம் போடவில்லை.

"ஏணி இருக்கா? நானே அவுத்துடறேன். அவர் எடத்துல ஒரு தடவை நின்னது போதும்."

சுருட்டியதை, வயதில் பெரியவன் என்று பார்த்தோ என்னவோ, என் கையில் கொடுத்தார். யார் செய்த தவறு என்று கேட்கவில்லை. வெறும் சட்டம் மட்டும் அன்று முழுவதும் அங்கே நின்றது.

வீட்டில், உன் ஆதார் அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். அதில் நீ எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவன் போல் இருக்கிறாய். உன் மனைவி அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல உன்னைத்தாம்பா சாவடிச்சு வெச்சிருந்தாங்க. வூட்டுக்குப் போனதும் சுத்திப் போட்டுக்கோ."

அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளி உடுப்பில் நீ கதவருகே திரும்பிப் பார்க்கிறாய். "தலைவர் எப்படித் திரும்பணும்னு இதைப் பாத்துத்தாம்மா பழகினேன்" என்றார். அவள் போனை வாங்கி, சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மூஞ்சி மாறிக் கீறது ஒருத்தருக்குமாண்ணா தெரியல?"

"எழுத்தை நான்தாம்மா பாத்தேன். மொகத்தைக் கவனிக்கல."

"எழுத்து சரியாத்தாண்ணா இருந்திச்சி."

குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதுவரை எழுதியதை, பழக்கத்தில், மேலே போட்ட வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாவது பொய். அதையே உன் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். முகத்தைப் பார்த்தேன். கடைக்காரர் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, "தலைவர் எப்படி கீறாரு சார்?" என்று கேட்டார். நீ விலகிய பிறகும் சனிக்கிழமை தவறாமல் நான் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உன்னிடம் சொன்னதில்லை. தலைவர் என்றதும் என் நினைவுக்கு வரும் முகமாக எப்போதோ அவர் முகம் ஆகிவிட்டிருக்கிறது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நன்றாகவே பார்த்தேன்.

"அச்சு அசலா அவரேதான்" என்றேன்.