இரண்டு பேரும் அழைத்த நடுவர்

ஆனி 8, 1976. செவ்வாய்

காலையிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. என் மாலை வகுப்புக் கட்டுரை வெள்ளிக்குக் கொடுக்க வேண்டும். யூதரின் ஹஸ்மோனிய அரச குடும்பம் எப்படி எழுந்தது, ஏன் விழுந்தது. எழுந்த கதை சுலபம். ஐந்து சகோதரர், ஒரே கட்டாக நின்று அந்நிய அரசனை எதிர்த்தார்கள். நாடு கிடைத்தது.

இங்கே இரண்டே சகோதரர். இவரும் இவரின் தம்பி ரவியும் சேர்ந்து வாங்கிய வீடு. ரவிக்கு அடுத்த மாதம் கலியாணம். எங்களை வேறு இடம் பார்க்கச் சொல்கிறான். சாப்பாட்டு மேசையில்:

"மூத்தவன் நான் இருக்க நீ ஆரடா சொல்ல?"

"இந்த வீட்டைத் தேடி அலைஞ்சது நானண்ணை."

ஒரு கோப்பை உடைந்தது. நல்ல கோப்பை.

ஆனி 10, வியாழன்

சரியான குளிர். இந்த நாட்டில் ஆனிதான் மாரி. வாங்க: அரிசி, பால், ஹீட்டருக்கு மண்ணெண்ணெய்.

கட்டுரை பாதி. அரசி சலோமி இருந்தவரை அமைதி. பிறகு அவளின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அரியணைச் சண்டை. மூத்தவன் ஹிர்கானுஸ், இளையவன் அரிஸ்டொபுலுஸ். இருவரும் தனித்தனியாக ரோமத் தளபதி பொம்பேயிடம் நியாயம் கேட்டார்கள். மடையர்கள்.

பின்னேரம் இவர் சிட்னிக்கு ட்ரங்க் கோல். அங்கே இருக்கும் இவர்களின் செல்வரத்தினம் மாமாவிடம்: "நீங்கள் வந்து ஒரு ஞாயம் சொல்லுங்கோ." குடும்பச் சண்டை என்றால் எங்கள் ஆட்களுக்குப் பெரியவர் ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். இவர் குளிக்கப் போனதும் ரவி போனை எடுத்தான். அவனும் அதே மாமாவைத்தான் கூப்பிட்டான்.

இவரிடம் கெஞ்சினேன். "மாமா வேண்டாம். ரெண்டு பேரும் குசினியிலை இருந்து கதையுங்கோ. பொம்பேயும் நடுவராத்தான் வந்தவன்."

"படிச்சதை வீட்டுக்குள்ளை கொண்டு வராதை."

ஆனி 11, வெள்ளி

கட்டுரை கொடுத்தாயிற்று. பொம்பே ஜெருசலேமைப் பிடித்தான். இளையவன் கைதியாக ரோமுக்கு. மூத்தவனுக்குக் கோயிலின் தலைமைக் குருப்பட்டம் மட்டும், ராஜா என்ற பேர் போய்விட்டது. எழுதும்போது கோபம் கோபமாக வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்கள்மேல் எனக்கென்ன கோபம்?

ரவியும் இவரும் தனித்தனி நேரத்தில் சாப்பிடுகிறார்கள்.

ஆனி 13, ஞாயிறு

மாமா வந்துவிட்டார். பெரிய பெட்டிகள் இரண்டு. கதிரையில் சாய்ந்து இரு பக்கமும் கேட்டார்.

"நீயும் சரி, அவனும் சரி. சண்டை தீருமட்டும் வீடு என்ரை பேரிலை இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை லோயரிட்டைப் போவம்."

இவர் ரவியைப் பார்த்தார். ரவி இவரைப் பார்த்தான். மற்றவனுக்குக் கிடைக்காவிட்டால் போதும் என்ற முகம், இருவருக்கும்.

"ஓம் மாமா."

"ஓம் மாமா."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானே கேட்டேன். "மாமா, எப்ப சிட்னிக்குத் திரும்புறியள்?"

மாமா எழும்பி முன் அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறக்கிறார்.