சுடலைப்பூ அல்ல, பட்டிப்பூ

மச்சாள், இன்று காலையும் சுவரோரத்துப் பட்டிப்பூவில் நுனி கிள்ளினேன். விரலில் ஒட்டிய பச்சைக் கசப்பு மணம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. உங்கள் ஞாபகம் அந்த மணத்தோடுதான் வருகிறது. கண்ணீரோடு வருகிறது என்று எழுதினால் அது பொய்.

குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டின் மேற்குச் சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு முழ அகலத்தில் மண். அதில் என்ன நடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நட்டுப் பார்த்தே படித்தேன். கனகாம்பரம் எழும்பி யன்னலை மறைத்தது. செவ்வந்தி சுவரின் சூட்டில் கருகியது. பத்துமணிப்பூ நிலத்தோடு அழகாகப் படர்ந்தது, ஆனால் மத்தியானம் திரும்பியதும் சுருங்கிவிடும். விருந்தாளிகள் வருவதோ பின்னேரத்தில். கடைசியில், மற்ற ஊரார் நித்தியகல்யாணி என்று சொல்லும் பட்டிப்பூ. கிள்ளிவிட்டால் முழங்காலுக்கு மேல் போகாது, ஆடு கடிக்காது, பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும். இரண்டு வருடத்தில் சுவர் நீளத்துக்கு ஊதாவும் வெள்ளையும்.

என் புருசனின் தமக்கை என்ற அதிகாரத்தில் நீங்கள் வாசல் படலையிலேயே நின்று கத்தினீர்கள்: "எடியே, குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில ஆரும் சுடலைப்பூ வளர்ப்பினமோ?"

"இது பட்டிப்பூ மச்சாள்."

"எனக்குப் பேர் படிப்பிக்க வாறியோ? சுடலையில நிக்கிறது சுடலைப்பூ."

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று காலை, நான் குசினியில் பலகாரத்தோடு நின்ற நேரம் பார்த்து, ஒன்றும் விடாமல் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தீர்கள். வெறும் மண் தெரியக் கூடாது என்று செவ்வரத்தைக் கொப்புகளை வெட்டிக் குத்தியும் வைத்தீர்கள். பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் அந்தத் தலை தொங்கிய கொப்புகளைப் பார்த்து, "என்ன, ஆட்டுக்குக் குழை வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். மறுநாள் வேலிக்கு அப்பால் போய், உயிரிருந்ததைப் பொறுக்கி வந்து திரும்ப நட்டேன்.

கலியாணம் நடந்தது. அதன்பிறகுதான் உங்கள் கொட்டம் தொடங்கியது. பேரன் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கிலும், கோயில் பொங்கலிலும், "நான் அந்தச் சுடலைப்பூவைப் புடுங்கினபடியால்தான் பெட்டைக்கு விடிஞ்சது" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். "பிழை செய்துபோட்டன்" என்ற ஒரு சொல்லைத்தான் உங்களிடம் எதிர்பார்த்தேன். படுக்கையில் கிடந்த உங்களுக்குக் கஞ்சி பருக்கியபோதும் அது வரவில்லை. "உப்புக் காணாது" என்றீர்கள்.

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நீங்கள் போனது ஒரே ஒரு தரம், அதுவும் பாடையில். உங்களை எரித்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்த மருமகனை மறித்துக் கேட்டேன்: "தம்பி, அங்கை பட்டிப்பூ நிக்குதோ?"

வாளியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இல்லை மாமி. எருக்கலையும் நாயுருவியும்தான். ஏன்?"

ஏன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சுடலையை நீங்களும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை; இத்தனை வருடம் சண்டை பிடித்தோம். நான் சொன்னதுதான் சரி. அதைக் கேட்க நீங்கள் இல்லை. அதிலும் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்.

முற்றிய விதைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும், பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டுச் சுவரோரம் முழுக்கத் தூவப் போகிறேன்.

வந்து புடுங்குங்கோ, பார்ப்பம்.