தெம்யோங் அளவில் ஓர் இருக்கை

மார்ச் 9, ஞாயிறு

பாடி வந்து இறங்கியது. பினங்கோனன் பட்டறைக்காரர்கள் லாரியிலிருந்து இறக்கி, வீட்டு மாமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். போர்க்கால ஜீப் பாடியின் அச்சு அசல், ஆனால் புதுத் தகட்டில் அடித்தது. என்னிடம் இருக்கும் அடிச்சட்டமும் (சாசி) எஞ்சினும் மட்டும்தான் நிஜமாகவே அந்தக் காலத்தவை.

“கிழவனுக்குப் புதுச் சட்டை,” என்றாள் பூரிங். ஜீப்பைச் சொன்னாளா, கட்டிய புருஷனைச் சொன்னாளா? நான் கேட்கவில்லை.

போன வருஷம் விபத்துக்குப் பிறகு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்திபோலோ மலைக்கோயில் மாதாவுக்கு அவள் நேர்ச்சை வைத்தாள். இந்த மே மாதம் அதைத் தீர்க்க வேண்டும். நானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு மலையேறுவேன், வண்டிக்கும் அங்கேயே தீர்த்தம் தெளித்துக்கொள்வேன் என்று எங்கள் ஊர் மொரோங் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டியவன் வேறு எப்படிப் போவான்?

மார்ச் 14, வெள்ளி

விபத்தில் அடிபட்ட வலது முழங்கால் இன்றும் மடங்கவில்லை. பூரிங் கேட்டாள். “பரவால்ல, கொஞ்சம் மடங்குது,” என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நண்பர்கள் வந்து பாடியைத் தூக்கிச் சாசிமேல் வைத்தார்கள். அடுத்தது இருக்கை. புதுப் பாடியில் அதற்குத் துளை கிடையாது. பழைய இருக்கைச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணலில் நிற்பதால், பட்டறையில் துளை போடாமலே அனுப்பிவிடுகிறார்கள். ஓட்டப்போகிறவன் ஏறி உட்கார வேண்டும், ஸ்டீயரிங்கைப் பிடித்து பிரேக்கில் கால் வைக்க வேண்டும். இருக்கைக் கால்கள் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அங்கே டிரில் வைக்க வேண்டும்.

“யாரு ஏர்றது?” என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்புக் கரியை விசிறிக்கொண்டிருந்தேன், விசிறிக்கொண்டே இருந்தேன்.

தெம்யோங்தான் தாவி ஏறினான். என் மகள் லூர்தெஸின் ஞானத்தகப்பன். அந்த உறவில் நாங்கள் ஒருவருக்கொருவர் ‘பரே’; மற்ற நண்பர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். “நான் உக்கார்றேன் பரே. நீ மீனைப் பாரு, கருகுது,” என்றான்.

மீன் கருகவில்லை. ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. துளை போட்டார்கள், போல்ட் முறுக்கினார்கள், பீர் குடித்தார்கள். ‘பரே, சூப்பர் பரே’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

மார்ச் 17, திங்கள்

பூரிங் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஏறினேன். இடது கால் போயிற்று. வலது கால் போகவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்து நின்றது, பாதம் வெளியே தொங்கியது. இடுப்பைத் திருப்பிப் பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன். இறங்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டு நாய் ஒன்று வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தது.

எவனாவது இப்படிச் செய்வானா? ஓட்டப்போறவன் நான், அளவு கொடுத்தவன் அந்தக் குள்ளன். வாயைத் திறந்து ‘நான் ஏர்றேன்’னு சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா கால் மடங்காதது ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப மட்டும் என்ன? முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோத்துல மறைக்கிறது?

மார்ச் 20, வியாழன்

இருக்கையைக் கழற்றி, பின்னால் தள்ளிப் பார்த்தேன். அடியில் பெட்ரோல் டேங்க், பின்னால் சக்கரக் கூண்டு. இரண்டு விரல் அகலம்தான் நகர்கிறது, என் காலுக்கு ஒரு முழம் வேண்டும். ஆக, அன்றைக்கு நானே ஏறியிருந்தாலும் இதேதான். பழைய துளைகளிலேயே மறுபடி முறுக்கினேன். வண்டியை விற்றுவிடலாம்.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்ததும் தெம்யோங் நேரே வீட்டுக்கு வந்தான். பூரிங் சொல்லியிருப்பாள்.

“விக்கப் போறியாமே? கிறுக்கு புடிச்சிருக்கா பரே?”

“உன் அளவுக்குத் துளை போட்டுட்டு என்னைக் கிறுக்கன்கிறியா? அந்தச் சீட்ல நான் எப்படி உக்கார்றது?”

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: “உன் கால் மடங்காதுன்னு எனக்குத் தெரியும். கோயில்ல எல்லாரும் முட்டி போடும்போது நீ கடைசி பெஞ்சைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதைப் பாத்துட்டுத்தானே இருக்கேன். அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி ஏறி மாட்டிக்கிட்டு நீ முழிக்கக் கூடாது. அதான் நான் ஏறினேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகைதான் வந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாமரத்தில் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று விசாரித்தான்.

மார்ச் 24, திங்கள்

இருக்கையில் உதிர்ந்து கிடந்த மாம்பூவைப் பெருக்க பூரிங் ஏறினாள். இறங்கவில்லை.

“சாந்தோ, இங்க வா. எனக்குக் கால் எட்டுது.”

எட்டாமல் என்ன? அவளும் தெம்யோங்கும் ஒரே உயரம்.

“எட்டினா?”

“எட்டினா ஓட்டலாம்ல?”

நான் ஓட்டுவதாக நேர்ச்சை என்றேன். அவள் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நேர்ச்சை வெச்சது யாரு? நானு. இவன் உசுரோட எந்திரிச்சா கூட்டிக்கிட்டு வரேன்னு வெச்சேன். ஸ்டீயரிங் யாரு புடிப்பான்னு மாதாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

ஊர் முழுக்கச் சொன்னது நான்தான். அவள் சொன்னதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பக்கத்து இருக்கைக்குத் துளை போட எல்லோரும் வந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே நான் ஏறினேன். தெம்யோங் என் குதிகாலைப் பிடித்து உள்ளே வைத்தான். இந்தப் பக்கம் ஸ்டீயரிங்கும் இல்லை, அடியில் டேங்கும் இல்லை. இருக்கையைப் பின்னால் தள்ளியதும் கால் அப்படியே நீண்டு முன்தகட்டைத் தொட்டது. ஒருவன், “ராஜா மாதிரி இருக்க பரே,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். தெம்யோங் குறி போட்டான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பூரிங் பழகுநர் உரிமம் வாங்கிவிட்டாள். ஏரிக்கரைச் சாலையில் ஓட்டுகிறாள். கிளட்சை விட்ட விதத்தில் என் பல்செட் கழன்றது. கத்தினேன். நடுரோட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு, “இறங்கி நடந்து வா,” என்றாள். வாத்து மேய்ப்பவன் வாத்துகளோடு நின்று வேடிக்கை பார்த்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று வண்டி குலுங்கவில்லை. பாராட்டவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

மே 16, வெள்ளி

ஓட்டும் சோதனையில் முதல் தடவையே தேறிவிட்டாள். நான் அந்தக் காலத்தில் மூன்றாம் தடவை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மே 24, சனி

அந்திபோலோ போய் வந்தோம். ஏற்றத்தில் தெரெசா ஊரைத் தாண்டியதும் எஞ்சின் முனகியது. நான் சொல்வதற்குள் கியரை மாற்றிவிட்டாள்.

கோயில் வாசலில் வண்டிகள் வரிசை. சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து, பழக்கத்தில் என்னைப் பார்த்து, “ஓட்டுறவர் கையைக் காட்டுங்க,” என்றார். நான் பூரிங்கைக் காட்டினேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கிரீஸ் கறை நகத்திலிருந்து போகவே இல்லை. அவர் தெளித்த தண்ணீரில் பாதி என் காலில் விழுந்தது.

எல்லோரும் முட்டி போட்டார்கள். நான் கைத்தடியை ஊன்றி நடுக்கோயிலிலேயே நின்றேன். என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள் கீழே என் கைத்தடியைப் பிடித்தபடி ஜெபம் சொன்னாள்.

திரும்பும்போது இலையில் சுற்றிய சுமான் அரிசிப் பலகாரமும் முந்திரியும் வாங்கினோம். இறக்கத்து வளைவில் எதிரே பேருந்து வந்தது.

“காலை எடு சாந்தோ,” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்க பிரேக் இல்ல.”

பார்த்தேன். வலது கால் முன்தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தேன். அடுத்த வளைவில் மறுபடி அழுத்தியிருப்பேன் போல. இந்தத் தடவை அவள் வண்டியை மெதுவாகத் திருப்பினாள்.