கேட் தாண்டாத ராணுவ லாரி

என்னங்க,

சாப்பாடு பிரிட்ஜில் இருக்கிறது. மூடி போட்ட டப்பா மட்டும்தான் சாப்பாடு. மூடாதது நீங்கள் ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரியின் கிரீஸ். அதற்கு எதற்குக் குளிர் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

நான் ஆபீசுக்கு பஸ்ஸில் போகிறேன். போரில் மலையெல்லாம் ஏறிய லாரி என்று தெருவையே கூட்டிச் சொன்னீர்களே, அது நேற்று நம் கேட் மேட்டிலேயே மூச்சை விட்டுவிட்டது. பாதி உள்ளே, பாதி தெருவில். வழி அடைபட்டு, உள்ளே என் கார் சிறையில்.

காலை உடைத்துக்கொண்ட நம் பெண்ணை மத்தியானம் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். நீங்கள் போய் அவளைக் கூட்டிவர கார் வெளியே வந்தாக வேண்டும். லாரியைக் கட்டி இழுக்க ரெக்கவரி வேன்காரர் வருவார். "படை வண்டியைக் கயிறு கட்டி இழுக்கிறது அவமானம்டி!" என்று நேற்று என்னிடம் கத்தியதை அவரிடம் கத்தாதீர்கள். ஆயுசெல்லாம் வங்கியில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவருக்கு இவ்வளவு போர்க்கள மானம் ஆகாது.

பி.கு.: செருப்பு மாட்டும்போது அவள் போன் பண்ணினாள். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டாம், கால் மடங்காதாம், காருக்குள் நுழையவே முடியாதாம். "அம்மா, அப்பா லாரியில பின்னாடி நீள பெஞ்சு இருக்குல்ல? காலை நீட்டிட்டு ஜம்முனு வந்துடுவேன்" என்கிறாள். அப்படியே உங்கள் அச்சு.

இன்னொன்று: வேன்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லாரியை எப்படியாவது சரிசெய்து, பெஞ்சில் மெத்தை போட்டு, அதிலேயே அவளைக் கூட்டி வாருங்கள். லாரி கிளம்பாவிட்டால் போன் பண்ணுங்கள், லீவு சொல்லிவிட்டுத் தள்ள வருகிறேன். நான் தள்ளும்போது நீங்கள் முன்னால் உட்கார்ந்து கட்டளை போடக் கூடாது.