வாசலில் நிறுத்தப்பட்டவர்

ஜூலை 8, திங்கள்

மாதா கோயிலில் பெண்கள் சொல்லிக்கொண்டு திரிவதுபோல, என் மகள் ஹீ-ஜினுக்கு அந்தத் தொடரின் கதையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் பகுதியைப் பார்த்து அழுதேன் என்பதும் பொய். கண் சிகிச்சைக்குப் பிறகு என் இடது கண்ணில் நீர் வடிகிறது, அவ்வளவுதான். கோயில் தோழி யூலியானா வீட்டில் உட்கார்ந்து பார்த்தது என் தவறு. அவள் பார்த்துவிட்டால் எங்கள் ஊர் வொன்ஜு முழுவதும் பார்த்த மாதிரி.

என் மகள் சியோலில் தொலைக்காட்சித் தொடர்கள் எழுதுகிறாள். இந்தத் தொடரின் பெயர் 'என் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார்'. பன்னிரண்டு பகுதிகள், சனியும் ஞாயிறும். பூக்கடை வைத்திருக்கும் நாற்பது வயது விதவை. அவளைக் காதலிக்கும் பல் மருத்துவன், அவளைவிட ஆறு வயது இளையவன். செத்துப்போன கணவன் பேயாக வந்து வாசலில் நிற்கிறான், மருத்துவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். இரண்டாம் பகுதியில் காதலர்கள் முத்தமிட்டுக்கொள்ளும்போது பேயின் தாடை கழன்று கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தில் விழுகிறது. அதற்குப் பின்னணியில் துள்ளல் இசை வேறு. தாடையிலிருந்து புழு நெளிகிறது. பல் மருத்துவன் முகம் சுளிக்காமல் அதை எடுத்து மாட்டிவிடுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்களாம்.

சிரிப்பதா, காதலிப்பதா, பயப்படுவதா? ஒரே தட்டில் மூன்றையும் குழைத்துக் கொடுத்தால் எனக்குக் குமட்டல்தான் வருகிறது.

அந்தப் பேய் அறைக்குள் நுழையும்முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுகிறது. ஹீ-ஜினின் அப்பாவும் அப்படித்தான்.

ஜூலை 9

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. புழு.

ஜூலை 15, திங்கள்

இனி யூலியானா வீட்டில் பார்ப்பதில்லை. திங்கள் காலை மறு ஒளிபரப்பில், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறேன். ஏன் பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். மகள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துவைத்திருப்பது தாயின் கடமை.

நான்காம் பகுதியில் பேய் தன் மனைவியை "மடத்தம்மா" என்று கூப்பிட்டது.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே கட்டிலின் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் முழுவதையும் உருவிப் போட்டு மறுபடி விரிக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. அதனால்தான் என் கணவர் என்னை அப்படிக் கூப்பிடுவார், வீட்டுக்குள் மட்டும். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. முப்பத்தொன்பது வருடம் இந்தச் சுவர்களுக்குள் இருந்த சொல்லை நாடு முழுவதும் கேட்டுவிட்டது, அதுவும் தாடை தொங்கும் ஒரு வாயிலிருந்து.

சீ. என்ன பொண்ணு பெத்தேன் நான்.

ஜூலை 22, திங்கள்

இது எல்லை மீறியது. எழுதக்கூட அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நினைவுநாள் படையலில் பீச் பழம் வைக்கக் கூடாது, அதற்கு ஆவிகள் அஞ்சி ஓடும் என்று இங்கே பழைய நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவர் இறந்தது ஆகஸ்டில், சியாக் மலைப் பீச் பழுக்கும் நேரம். கையில் எடுத்தால் சாறு முழங்கைவரை ஓடும் பழம் அவருக்கு உயிர். அதனால் ஒவ்வொரு ஆண்டும் மேசையின் நடுவிலேயே வைத்தேன். அவர் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செத்தவர்களின் ஆன்மா பழத்துக்குப் பயப்படாது என்று அவளுக்கு விளக்கினேன். ஹீ-ஜின் அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

ஆறாம் பகுதியில் பேய் ஏன் வாசலிலேயே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. மனைவி படையலில் பீச் வைக்கிறாள். ஆண்டுதோறும் பசியோடு வருகிறான், உள்ளே நுழைய முடியவில்லை. சாப்பிடாததால் அழுகுகிறான், தாடை கழல்வதும் அதனால்தான். கதவிடுக்கில் மூக்கை நுழைத்து முள்ளங்கிச் சூப்பை மோந்து பார்க்கிறான், மூக்கு கதவிலேயே ஒட்டிக்கொள்கிறது. துள்ளல் இசை.

ஜூலை 23

மரியாயின் சேனை, கோயில் பெண்களின் ஜெபக் கூட்டம். ஜெபமாலை முடிந்து பார்லி தேநீர் ஊற்றும்போது யூலியானா ஆரம்பித்தாள். எனக்கு மூன்று வயது இளையவள், எழுபத்து நான்கிலும் வாய்க்குப் பூட்டு இல்லை.

"அக்கா, இந்த வருஷமாவது அந்த மனுஷனை உள்ள விடுங்க. வெயில் எப்படி அடிக்குது பாருங்க."

பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். நான் கோப்பையைத் தட்டில் நேராக வைத்துவிட்டு, திருச்சபை போதிப்பது என்ன என்று அவர்களுக்கு நினைவூட்டினேன். ஆன்மாக்கள் பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கின்றன, வாசலில் இல்லை. யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் முத்தம் உண்டா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 24

ஹீ-ஜினைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஆறாவது முறை எடுத்தாள். கடைசிப் பகுதிகளை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாளாம், மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். அப்பாவைக் கேலிப் பொருளாக்க உனக்குக் கூசவில்லையா என்று கேட்டேன்.

"அப்பாவை எங்கம்மா கேலி பண்றேன்? உங்களைத்தான் பண்றேன்."

பிறகு, கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டேன். மருத்துவமனைக் காட்சி வருமா?

அவள் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது.

"வரும்மா. அது இல்லாம அவர் எப்படிப் போவார்?"

ஜூலை 25

இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் 20. அவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்கப் பங்குத் தந்தை பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. மருத்துவமனைச் சட்டையில் கஞ்சிக் கறை. அப்படி ஒரு கோலத்தில் சாமியார் அவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஹீ-ஜினை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். கழுத்துப்பட்டை சரியாக வரவில்லை. நீர் தெளித்து இரண்டாம் முறை தேய்த்தேன். அந்த இரண்டாம் முறை நேரத்தில் அவர் போய்விட்டார், பத்து இருபதுக்கு.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும், வழக்கப்படி, "கடைசி மூச்சப்போ கூட இருந்தீங்களா?" என்று கேட்டார்கள். கூட இல்லாத மனைவியை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். "இருந்தேன், கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன். மூன்று நாளில் நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். ஹீ-ஜின் கறுப்பு உடையில் பக்கத்தில் நின்றாள். ஒரு முறைகூட என்னைத் திருத்தவில்லை.

அவர் கடைசியில் என்ன சொன்னார், என்னைக் கேட்டாரா, கோபித்தாரா? அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டதில்லை. கேட்டால் நான் அங்கே இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், தூங்காமல்.

ஆகஸ்ட் 1

வெயில். சோயாப்பால் நூடுல்ஸ். பாதி மிச்சம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பத்தாம் பகுதி முழுக்கக் கண்றாவி. குளியலறை வடிகாலிலிருந்து முடி முடியாக வருகிறது, அதே அறையில் அவர்கள் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் இப்படி ஒன்றைக் காட்டுகிறவர்களின் தாய்மார்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு நினைவுக்கு வந்தது.

முடிவில் அறிவிப்பு: இறுதி வாரம். அவன் இறந்த நாளில் அவள் எங்கே இருந்தாள்?

ஆகஸ்ட் 9

ஊர் பார்க்கும்முன் ஆண்டவரிடமாவது சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிய சாமியாருக்கு முப்பத்திரண்டு வயது. பொறுமையாகக் கேட்டார். பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். ஆறு வருடப் பொய்க்கு மூன்றா? இந்தக் காலத்துச் சாமியார்களிடம் தராசே கிடையாது. நானாக ஒரு ஜெபமாலை முழுவதும், ஐம்பத்து மூன்று சொன்னேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பார்த்தேன்.

மருத்துவமனைக் கட்டில். அவன் சாகிறான். மனைவி இல்லை. திரையில் அவள் வீட்டில் நின்று சட்டை தேய்க்கிறாள். எழுந்து தொலைக்காட்சியை அணைக்கப் போனேன், ரிமோட் கையில் இருப்பது தெரியாமல்.

இது நடந்து வருடங்கள் கழித்து, கிளம்பும் நேரத்தில், பேய் பல் மருத்துவனிடம் சொல்கிறது. தாடை அப்போது ஒழுங்காக இருந்தது.

"அவளா போகல தம்பி. நான்தான் சட்டை வேணும்னு அனுப்பினேன். அவ பக்கத்துல இருந்தா நிம்மதியா சாக முடியுமா? நேராப் படுங்க, வாயை மூடுங்கன்னுவா. அவ கண்ணு முன்னால அலங்கோலமா கிடக்க எனக்குத்தான் மனசில்ல."

பிறகு மறுபடி புழு. கல்யாணத்தில் ஒரு புழு கேக்கின்மேல் ஏறுகிறது. அது வேடிக்கையாம்.

அன்று காலை அவர் சட்டை கேட்டாரா? நான்தான் கறையைப் பார்த்தேன், நான்தான் எழுந்தேன் என்று ஆறு வருடமாக நினைத்திருக்கிறேன். அவர் ஏதோ சொன்னார். பிராணவாயு முகமூடிக்குள் இருந்து. "நல்லா தேய்" என்றா? "வேணாம்" என்றா? நான் அப்போது கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13

கூட்டத்துக்குப் போகாமலிருந்தால் அதையும் பேசுவார்கள். போனேன். யாரும் தொடரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தேநீரை இரண்டு கைகளாலும் நீட்டினார்கள். அந்த மரியாதை தாங்க முடியாததாக இருந்தது.

வெளியே வரும்போது யூலியானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எல்லாம் அவ கட்டிவிட்ட கதைதானே. டிவிக்காரங்களுக்கு என்ன, எதையாவது எழுதுவாங்க" என்றாள். நான் தப்பிக்க வழி விடுகிறாள் என்று புரிந்தது. தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம்.

"இல்ல யூலியானா. நான் அங்க இல்ல. சட்டை தேய்ச்சுக்கிட்டிருந்தேன். கையைப் பிடிச்சேன்னு சொன்னது பொய்."

பேருந்து வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நினைவுநாள். ஹீ-ஜின் மாலை ஆறு மணிப் பேருந்தில் வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது, தலையில் பாதி நரை. நரையை ஏன் மறைக்கவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்கணும்னுதான்" என்றாள்.

இந்த முறை மேசையில் பீச் இல்லை. சந்தையில் கிடைத்தது காயாக இருந்தது, அவ்வளவுதான். அவள் மேசையை ஒரு முறை பார்த்தாள், பிறகு என்னை. சூப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள், தவறான பக்கத்தில். நான் திருத்தவில்லை.

ஜெபம் முடிந்து சோற்றில் கரண்டியை நட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். போனவர் தனியாகச் சாப்பிடட்டும் என்று, ஒன்பது கவளம் உண்ணும் நேரம் வெளியே நிற்பது வழக்கம். பங்குத் தந்தை கொடுத்த நினைவுநாள் ஜெபத் தாளில் இது இல்லை. என் மாமியார் செய்தது, அதனால் செய்கிறோம்.

குறுகிய நடைவழி. அவளும் நானும் கதவுக்கு முதுகைக் காட்டி, தோள் உரச நின்றோம். சட்டையைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒன்பது கவளத்தையும் எண்ணினேன், வாய் வரவில்லை. பிறகு, வழக்கப்படி செருமிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அது வீட்டு ஆணின் வேலை. ஹீ-ஜின் செருமினாள், இரண்டு முறை. தொடரில் அந்த நடிகன் செய்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இது அச்சாக அவர்.

காலை முதல் பேருந்தில் போய்விடுவாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று தபாலில் சேர்த்தேன். நகல் இங்கே.

ஹீ-ஜினுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் தொடரை முழுவதும் பார்த்தேன். என் கருத்து மாறவில்லை. அருவருப்பாக இருந்தது. புழுக்கள் தேவையில்லை. மூக்கு கதவில் ஒட்டியதை நான் மன்னிக்கமாட்டேன். ஒரு விதவையைக் காதலிக்க வைப்பதற்கு அவள் கணவனை அழுக வைக்க வேண்டியதில்லை, வேறு வழிகள் உண்டு.

யூலியானாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதனால் இனி என்னைக் காப்பாற்றுவதற்காக நீ எதையும் சொல்லவோ மறைக்கவோ வேண்டாம்.

கடைசிப் பகுதியில் அந்த மனிதன் சட்டையைப் பற்றிச் சொன்னது உன் அப்பா உன்னிடம் சொன்னதா, அல்லது நீ எனக்காக எழுதியதா? எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். இரண்டில் எது என்று மட்டும் தெரிய வேண்டும். அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதையும், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுது.

தொலைபேசியில் சொல்லாதே. உன் குரல் இளகினால் நான் நம்பிவிடுவேன். கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

அம்மா