கூட்டச் சொன்னால் மணியை எடுக்கிறார்கள்

6.7, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். குடியாத்தத்தில் கண் தெரியாதவர்களுக்கான கணக்கு வகுப்பு, ஐந்தாவது வாரம். இவருக்குக் கண் போய் இரண்டு வருடம். சர்க்கரை. அதுவரை ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் செக்‌ஷன். பத்தாவதில் கணக்கு மட்டும் ஃபெயில். இப்போது எழுதிப் பாஸ் செய்தால் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சிக்குப் போகலாமாம். அதற்குத்தான் தடவிக் கணக்குப் போடும் இந்த மணிச்சட்டம், அபாகஸ்.

இன்று பின்னம். வீட்டில் சொல்லித்தர நானும் கற்க வேண்டும். நான் ஏழாவது வரைதான்.

ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்துக்கு ஒரு மணி, கீழே ஒன்று ஒன்றாக நான்கு. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்ட வேண்டும். இரண்டையும் ஆறில் கொண்டுவந்தால் மூன்றும் இரண்டும். மூன்று மணி ஏற்றினேன். இன்னும் இரண்டு ஏற்றக் கீழே ஒரு மணிதான் மிச்சம். டீச்சர் ஐந்தை இறக்கி, மூன்றை எடுத்துவிட்டார்.

"கூட்டச் சொல்லிட்டு எடுக்கறீங்களே மேடம்?"

"அஞ்சு போட்டு மூணு எடுத்தா ரெண்டுதானே ஜாஸ்தி ஆவுது?"

தலையாட்டினேன். புரியவில்லை.

வாங்க: வெந்தயம், பினாயில், இவர் மாத்திரை.

9.7, புதன்

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. கம்பெனியில் என் தையல் லைனில் அவசர ஆர்டர். இடுப்பு வலி. வீட்டுக்கு வந்ததும் அதே கணக்கு. பின்னத்தில் மேல் எண் ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழ் எண் இரண்டும் மூன்றும் ஐந்து என்று வைத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார்.

"அஞ்சுல ரெண்டா? பாதிகூட இல்லியே. பாதியோட இன்னும் சேத்தா எப்டி கம்மியாவும்?"

"தெரியலீங்க."

"உனக்கே தெரியல. வுடு வசந்தி. ஞாயித்துக்கிழம போவ வேணாம்."

மணிச்சட்டத்தை அலமாரி மேல் எடுத்து வைத்தேன். அழுகை. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை.

11.7, வெள்ளி

இவரோடு வேலை பார்த்த பாஷா பாய் வந்தார். தோல் பேச்சுதான். "ரெண்டு தோலு வந்துச்சு. ஒண்ணு பன்னண்டே முக்கால் அடி, ஒண்ணு பதினாலரை, ரெண்டுலயும் ஒரே ஓட்ட."

"இருவத்தேழே கால் அடி வீணு" என்றார் இவர், டீயை ஊதிக்கொண்டே.

பாய் போனபின் கேட்டேன். "எப்டி வந்துச்சு?"

"முக்காலும் அரையும் ஒண்ணே கால். இதுல இன்னா?"

"அதாங்க பின்னம்."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த மணிச்சட்டத்த எடு."

வலக்கோடியில் கால் கணக்குக்கு நான்கு வைத்தார். இடப்பக்கம் முக்காலுக்கு மூன்று ஏற்றினார். அரைக்கு இரண்டு கூட்ட, ஐந்தை இறக்கி மூன்றை எடுத்தார். தானாக. நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

13.7, ஞாயிறு

போனோம். பத்துக் கணக்கு, எட்டு சரி. பஸ்ஸில் வரும்போது சொன்னார். "அடுத்த வாரம் நான் தனியா போறேன்."

நல்லதுதான். வீடு வரும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

20.7, ஞாயிறு

தனியாகப் போனார். பஸ் ஏற்றிவிட்டு வந்து துணி ஊறவைத்தேன், துவைக்க மறந்தேன். மணிச்சட்டமும் வீட்டில் இல்லை. மாலை 4க்கே ஸ்டாப்பில் போய் நின்றேன். 5.40க்கு இறங்கினார். யாரோ உட்கார சீட் கொடுத்தார்களாம், உட்காரவில்லையாம். "உக்காந்தா ஸ்டாப்பு எண்றது வுட்டுப்போவுது."

பரீட்சைக்கு மனுவும் கொடுத்துவிட்டாராம். நகலை நீட்டினார். கண் போனபின் போட்ட முதல் கையெழுத்து. கோட்டில் ஆரம்பித்து மேலேறி, மேலே ஒட்டிய போட்டோவில் அவர் கழுத்துவரை போயிருக்கிறது.

"கையெழுத்து நேரா கீதா?"

"நேராத்தாங்க இருக்கு."